பழைய காரின் துருவும் நிறப் பொருத்தமும்

இரும்பில் ஏறுவதைத் துரு என்றும், செம்பில் ஏறுவதைக் களிம்பு என்றும் வேறு வேறு சொற்களால் குறிப்பது தமிழ் வழக்கு. இரண்டும் உலோகம் காற்றோடும் ஈரத்தோடும் சேர்வதால் விளைபவையே. எனினும் அவற்றின் குணம் ஒன்றன்று. செம்பின் பசுங்களிம்பு நாளடைவில் உலோகத்தை இறுகப் பற்றி, உள்ளிருக்கும் செம்புக்கு ஒரு போர்வையாகிவிடும். செப்புத் தகடு வேய்ந்த பழங்கூரைகள் பச்சை நிறம் பெற்று நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்து நிற்பது இதனால்தான். துருவிடம் இப்பண்பு இல்லை. அது தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் மிகுந்த இடத்தை அடைப்பது. ஆதலால் பொருமிப் பொருக்காகி உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்படுகிறது. அதையும் துரு தின்கிறது.

காரின் உடல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு. அதன்மேல் உள்ள சாயமோ, எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தாலும், அந்தக் கனத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். இந்த மெல்லிய தோலே எஃகுக்கும் மழைக்கும் இடையே நிற்கும் காவல். வீட்டுச் சுவருக்குச் சாயம் ஓர் அணி. காருக்குச் சாயம் கூரை.

எனவே, பழைய காரில் ஓரிடத்தில் சாயம் பெயர்ந்து துரு தலைகாட்டினால் உடையவர் வாளா இருப்பதில்லை. துருவைச் சுரண்டுகிறார். காரின் நிறப் பெயரைச் சொல்லிக் கடையில் ஒரு சிறு டப்பா சாயம் வாங்கிப் பூசுகிறார். காய்ந்த பின் பார்த்தால், வேட்டியில் வேறு துணியை வைத்து ஒட்டுப் போட்டது போல, அந்த இடம் மட்டும் தனித்துத் தெரிகிறது. கடைக்காரர் தவறான டப்பாவைக் கொடுத்துவிட்டார் என்று அவர் எண்ணுகிறார். பெரும்பாலும் டப்பாவில் தவறு இல்லை. அதில் இருப்பது, அந்தக் கார் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளில் கொண்டிருந்த நிறம். எதிரே நிற்கும் காரோ அந்த நிறத்தை என்றோ கடந்து வந்துவிட்டது. பொருத்த வேண்டியது பிறந்த நாளின் நிறத்தையா, இன்றைய நிறத்தையா என்பதே இங்குள்ள சிக்கல்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு காரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது நலம். மோரிஸ் மைனர் என்னும் சிறு கார் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ். 1959-இல் வெளிவந்த மினி காரும் அவர் கைவண்ணமே. ஆக்ஸ்போர்டை அடுத்த கவ்லி தொழிற்சாலையே மைனரின் பிறப்பிடம். 1970களின் தொடக்கம் வரை, வேன் வகைகளையும் சேர்த்து ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 1950களிலும் 1960களிலும் சாலைகளில் காணப்பட்ட கார்களுள் இதுவும் ஒன்று. அதை இன்றும் பேணி வருவோர் உண்டு.

துருவின் இருப்பிடம்

நிறத்தைப் பற்றிப் பேசுமுன் துருவை அறிந்தாக வேண்டும். துரு மிஞ்சியிருந்தால், எவ்வளவு அழகாகப் பொருந்திய சாயமும் சில மாதங்களில் கொப்புளமாக எழும்பிவிடும்.

கேம்பிரிட்ஜில் உலோகங்களின் அரிமானத்தை ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் என்பார் 1920களில் செய்து காட்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. எஃகுத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீர் வைக்கப்பட்டது. துளியின் விளிம்பில் நீர் மெல்லியது. ஆதலால் உயிர்க்காற்று அங்கே எளிதில் கலக்கிறது. நடுவில் உயிர்க்காற்றுக் குறைவு. காற்று மிகுந்த விளிம்புதானே முதலில் அரிக்கப்படும் என்று எவரும் நினைப்பர். நடந்ததோ இதற்கு மறுதலை. உயிர்க்காற்றுக் குறைந்த நடுவில் இரும்பு கரைந்தது, விளிம்பு தப்பியது, இரண்டுக்கும் இடையே துரு வளையமாகப் படிந்தது. ஒரு துளி நீர் தனக்குள்ளேயே சிறியதொரு மின்கலமாக இயங்கியது. உப்பு, மின்னோட்டத்திற்கு வழியை எளிதாக்கிற்று. கடலோர ஊர்களில் கார்கள் விரைவில் துருவேறுவதன் காரணமும் இதுவே.

காரின் சாயத்தில் ஒரு கீறல் விழும்போதும் இதே கதைதான். கீறலின் வழியே புகுந்த ஈரம் பக்கத்துச் சாயத்தின் அடியில் ஊர்ந்து செல்கிறது. காற்றோட்டமற்ற அந்த இடுக்கில்தான் இரும்பு கரைகிறது. வெளியே காசளவு துரு தெரிந்தால், சாயத்தின் அடியில் உள்ளங்கையளவு பரவியிருக்கக்கூடும். ஆகையால் கைதேர்ந்த பட்டறைக்காரர் துரு தெரியும் இடத்தோடு நிறுத்துவதில்லை. சாயம் தகட்டை உறுதியாகப் பற்றியிருக்கும் இடம் வரும்வரை சுற்றிலும் தேய்த்துக்கொண்டே செல்வார். ஐந்து காசளவு பழுது ஒரு தட்டளவு ஆவதைக் கண்டு உடையவர் மனம் கலங்குவார். கலங்க வேண்டியதில்லை, முன்பே இருந்ததுதான் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

தேய்க்கும்போது நீர்த்தாளைக் கொண்டு ஈரமாகத் தேய்ப்பதே முறை. அக்காலச் சாயங்களிலும் அடிப்பூச்சுகளிலும் ஈயச் சேர்மங்கள் கலந்திருந்தன. உலர்வாகத் தேய்த்தால் அத்தூசு மூச்சோடு உடலில் சேரும். சிறுவர்கள் விளையாடும் முற்றத்தில் இவ்வேலையைச் செய்யலாகாது.

தகட்டின் நுண்குழிகளில் சிறிது துரு எப்படியும் தங்கிவிடும். அதை மாற்றுவதற்குக் கடைகளில் இருவகை நீர்மங்கள் கிடைக்கின்றன. ஒன்றில் பாஸ்பாரிக அமிலம் இருக்கும். மற்றொன்றில் இருப்பது டானின் என்னும் துவர்ப்பொருள். அது துருவோடு சேர்ந்து கருநீலம் கலந்த கறுப்பாக மாறி நிலைத்துவிடும். இந்த வேதியியல் தமிழருக்குப் புதியதன்று. கடுக்காயின் துவர்ப்போடு இரும்பின் உப்பைச் சேர்த்து எழுதுமை காய்ச்சிய காலத்தில் நிகழ்ந்ததும் இதே மாற்றம்தான். பட்டறையில் துருவின்மேல் தடவிய நீர்மம் கறுக்கும்போது, அங்கே உண்டாவது ஒருவகைக் கடுக்காய் மையே என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அது மேற்பரப்பில் உள்ள துருவை மாற்ற வல்லதேயன்றிப் பொருக்குப் பொருக்காக நிற்கும் துருவை மாற்ற வல்லதன்று.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மோரிஸ் மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலே அதன் எலும்புக்கூடு. கதவுகளுக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற பகுதியும், பின்சக்கரங்களின் பட்டைவில் மாட்டப்பட்டிருக்கும் இடமும் வண்டியின் சுமையைத் தாங்குபவை. இந்தக் கார் துருவேறிக் கெடுவதும் பெரும்பாலும் இவ்விடங்களில்தான். ஒரு திருப்புளியின் முனையால் அழுத்தினால் தகடு உள்வாங்குகிறதா என்று பார்ப்பது பழைய சோதனை. உள்வாங்கினால் அங்கே சாயத்திற்கு வேலை இல்லை. கெட்ட தகட்டை வெட்டியெடுத்துப் புதிய தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டையில் புட்டியை அடைத்து மேலே நிறம் பொருத்துவது காரை விற்க நினைப்பவருக்கு உதவலாம். அதில் ஏறிச் செல்பவருக்கு உதவாது. நிறப் பொருத்தம் நன்றாக அமைய அமைய இந்த ஏமாற்றும் நன்றாகவே மறைந்துவிடும். பழைய கார் வாங்குவோர் பளபளப்பைக் கண்டு மயங்காமல் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டுவது இதனால்தான்.

துரு நீங்கிய தகட்டுக்கு அடிப்பூச்சு இடுவர். முன்னாளில் ஈயச் செந்தூளும் துத்தநாகக் குரோமேட்டும் இதற்குப் பயன்பட்டன. அவற்றின் நச்சுத்தன்மை அறியப்பட்ட பின், துத்தநாகப் பாஸ்பேட்டு கலந்த பூச்சுகள் அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. அடிப்பூச்சின் நிறமும் கவனிக்கத்தக்கது. மெல்லிய மேற்பூச்சின் ஊடே அது ஓரளவு தெரியும். காவிநிற அடிப்பூச்சின்மேல் இட்ட வெள்ளைச் சாயமும், சாம்பல்நிற அடிப்பூச்சின்மேல் இட்ட அதே வெள்ளைச் சாயமும் ஒன்றுபோல் இரா.

பெயரும் எண்ணும்

நிறங்களுக்குப் பெயர் வைப்பதில் தமிழ் வளமான மொழி. கிளிப்பச்சை, பாக்கு நிறம், மாந்தளிர், மயில்கழுத்து என்று பொருளைக் காட்டியே நிறத்தைக் காட்டிவிடுகிறது. கார் செய்தவர்களும் இதே வழியைத்தான் பின்பற்றினார்கள். மோரிஸ் மைனருக்கு வாதுமைப் பச்சை, புகைச் சாம்பல் என்ற பொருள்பட நிறப் பெயர்கள் இருந்தன. பத்து இலட்சமாவது மைனர் 1960-இன் இறுதியில் உருவானபோது, அதன் நினைவாக 350 கார்கள் லைலாக் பூவின் இளம் ஊதா நிறத்தில் செய்யப்பட்டன. பெயர் அழகானது, ஆனால் அது நினைவூட்டுவதேயன்றி அளவிடுவதன்று. பத்துப் பேர் பத்துக் கிளிகளை நினைத்துக்கொள்வார்கள்.

பெயரின் குறையை நிரப்ப வந்ததே எண். வாதுமைப் பச்சையின் எண் ஜி.என். 37. புகைச் சாம்பலின் எண் பி.யு. 15. இந்த இரண்டாவது எண் சுவையானது. பி.யு. என்னும் எழுத்துகள் நீலத்தின் வரிசையைக் குறிப்பவை. பெயர் சாம்பல் என்கிறது. எண் நீலம் என்கிறது. காரைப் பார்த்தவர்களுக்கு எண்ணே மெய் என்று தெரியும். சாம்பல் என்ற சொல்லை நம்பிக் கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால் அந்த நிறம் ஒருநாளும் வாராது.

1952 முதல் 1958 வரை செய்யப்பட்ட மைனர்களின் வண்டி எண்ணில் மற்றொரு செய்தியும் அடங்கியிருந்தது. முன்னால் உள்ள எழுத்துகளுள் ஒன்று நிறத்தின் குடும்பத்தைக் காட்டும்: கறுப்பா, சாம்பலா, சிவப்பா, நீலமா, பச்சையா என்பது வரைதான், எந்தப் பச்சை என்று அது சொல்லாது. அதைத் தொடரும் இலக்கங்களுள் ஒன்று சாயத்தின் வகையைக் காட்டும். ஓர் இலக்கத்தின் பொருள் வியப்பானது. உடலுக்கு ஒருவகைச் சாயம், மட்கார்டுகளுக்கு வேறொரு வகைச் சாயம் என்பதே அதன் பொருள். தொழிற்சாலையிலேயே ஒரு கார் இருவகைப் பூச்சோடு புறப்பட்டிருக்கிறது!

இந்த வகை வேறுபாடு நிறத்தைவிட முதன்மையானது. ஒருவகை, செல்லுலோஸ் சாயம். நைட்ரோ செல்லுலோஸைத் தின்னரில் கரைத்துச் செய்வது. அதற்குமுன் கார்களுக்குச் சாயம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆயிற்று. அமெரிக்காவில் தூப்பான்ட் நிறுவனத்தார் தந்த டியூகோ என்னும் இவ்வகைச் சாயம் 1924-ஆம் ஆண்டின் ஓக்லண்ட் கார்களுக்குப் பூசப்பட்டபோது, வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. இவ்வகையை ஆங்கிலத்தில் லாக்கர் என்பர். அச்சொல்லின் வேர், அரக்கைக் குறிக்கும் 'லாக்' என்னும் இந்தியச் சொல்லில் இருக்கிறது. மற்றொரு வகை, செயற்கைப் பிசினால் ஆன எனாமல். செல்லுலோஸ் தின்னர் ஆவியாவதால் மட்டும் காய்கிறது. எனவே தின்னர் பட்டால் மீண்டும் கரையும். எனாமல் வேதிமாற்றத்தால் இறுகுவது. தின்னர் பட்டால் கரையாமல் சுருங்கித் தோல் போல் எழும்பும். எனாமல் பூசிய மட்கார்டில் செல்லுலோஸ் சாயத்தை இட்டால் என்ன நேரும் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. நிறம் எள்ளளவும் பிசகாமல் பொருந்தியிருந்தாலும், பரப்பு முதியவர் முகம்போல் சுருங்கிவிடும்.

அறுபது எழுபது ஆண்டு ஓடிய காருக்கு இடையில் யாரேனும் புதிதாகச் சாயம் பூசியிருக்கலாம். ஆதலால் எண்ணை மட்டும் நம்பாமல், மறைவான ஓர் இடத்தில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பார்ப்பர். துணியில் நிறம் இறங்கினால் செல்லுலோஸ். சுருங்கினால் எனாமல். அசையாமல் இருந்தால் பிற்காலத்தில் வந்த, கெட்டியாக்கும் நீர்மம் கலந்து பூசும் இருடப்பாச் சாயமாக இருக்கக்கூடும். இந்த இருடப்பாச் சாயத்தைத் தெளிக்கும்போது எழும் புகையில் ஐசோசயனேட் என்னும் நச்சுப்பொருள் உண்டு. வெளியிலிருந்து தூய காற்று வரும் முகமூடி இல்லாமல் அதைத் தெளிப்பது நுரையீரலுக்குக் கேடு. வீட்டு வாயிலில் செய்யத்தக்க வேலையன்று அது.

ஒரு காரில் பல நிறம்

சாயம் இரண்டு பொருள்களின் கூட்டு. நிறம் தரும் நுண்பொடி ஒன்று; அதைத் தகட்டோடு பிடித்து வைக்கும் பிசின் மற்றொன்று. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் மேற்பரப்பின் பிசினைச் சிதைக்கின்றன. பிடிப்பு இழந்த பொடி சுண்ணாம்புத் தூள் போல வெளியே நிற்கிறது. பழைய காரைத் தடவிய விரலில் ஒட்டுவது இதுவே. காரின் நிறம் வெளிறித் தோன்றுவதும் பெரும்பாலும் இத்தூள் ஒளியைச் சிதறடிப்பதால்தான். அடியில் நல்ல நிறம் இன்னும் இருக்கும்.

பொடிகளும் ஒன்றுபோல் மூப்படைவதில்லை. கரியால் ஆன கறுப்பும் காவியால் ஆன சிவப்பும் வெயிலுக்கு அசையா. காவி என்பது இரும்பின் ஆக்சைடு, அதாவது துருவின் நெருங்கிய உறவு. சாயத்தின் பகைவன் குடும்பத்தில் பிறந்ததே சாயப்பொடிகளுள் மிக உறுதியானதாக விளங்குகிறது. அக்காலத்துக் கரிமச் சிவப்புகள் சிலவோ மெலிந்தவை. பல பொடிகள் கலந்த ஒரு நிறத்தில் ஒன்று மட்டும் மங்கினால், நிறம் வெளிறுவதோடு நில்லாது, திசையே மாறிவிடும். ஆகையால் டப்பாச் சாயத்தில் சிறிது வெள்ளையைக் கலந்துவிட்டால் பழைய நிறம் கிடைத்துவிடும் என்று எண்ணுவது பிழை.

அன்றியும், ஒரே காரின் எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெயிலைப் பெறுவதில்லை. மேற்கூரையும் பானட்டும் நடுப்பகல் வெயிலை நேரே வாங்குகின்றன. கதவுகள் சாய்ந்த வெயிலை வாங்குகின்றன. கதவின் உள்விளிம்பு வெயிலே அறியாது. உள்விளிம்பைப் பார்த்தால் பழைய நிறம் தெரியும் என்பர். பெரும்பாலும் அது மெய்தான். ஆனால் வெள்ளை நிறங்களில் அதுவும் ஏமாற்றும். எண்ணெய் சார்ந்த பிசின்கள் சில, வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளித்துப் போகும் இயல்புடையவை.

எனவே பொருத்தத்திற்கு உரைகல்லாகக் கொள்ள வேண்டியது பழுதான இடத்தை அடுத்துள்ள பரப்பே. கூரையுமன்று, கதவின் உள்விளிம்புமன்று. அதையும் அழுக்கோடு பார்க்கக்கூடாது. முதலில் கழுவி, பின்பு காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையால் மெருகேற்றி, தூளாகிப்போன மேல்தோலை அகற்ற வேண்டும். பலர் இதை முறைமாற்றிச் செய்கிறார்கள். மங்கிய பரப்பைப் பார்த்து நிறத்தைக் கலந்து பூசிவிட்டு, எல்லாம் முடிந்தபின் காருக்கு மெருகிடுகிறார்கள். மங்கல் நீங்கிய பழைய சாயம் உயிர்பெற்று நிற்க, அந்த மங்கலுக்கு ஏற்பப் பூசிய ஒட்டு மட்டும் வெளிறி நிற்கும்.

இக்காலத்தில் நிறமாலை ஒளிமானி என்னும் கருவி வந்துவிட்டது. அதைக் காரின்மேல் வைத்தால், எந்தெந்த அலைநீள ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து, கலவைக் கணக்கைக் கணினி கூறும். நல்ல உதவிதான். ஆயினும் சாயம் கலக்கும் கடைகளில் கடைசி இரண்டு துளிகளை மனிதக் கண்ணே முடிவு செய்கிறது.

கண்ணும் விளக்கும்

அந்தக் கண்ணை எவ்வளவு நம்பலாம்? இரண்டு சாயங்கள் வேறு வேறு பொடிகளால் ஆகியிருந்தும், ஒரு விளக்கொளியில் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றக்கூடும். விளக்கு மாறினால் வேறுபாடு வெளிப்படும். கடையின் குழல்விளக்கில் இரட்டைப் பிள்ளைகளாய் நின்றவை, வெயிலுக்கு வந்ததும் அயலார் ஆகிவிடுவது இதனால்தான். 1931-இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் நிறத்தை எண்ணால் குறிக்க முறை வகுத்தபோது, எந்த ஒளியில் பார்ப்பது என்பதற்கும் அளவைகளை வரையறுக்க நேர்ந்தது. அக்காலப் பொடிகள் பலவற்றை இன்று விற்பதில்லை. எனவே பழைய காரின் நிறத்தை இன்றைய பொடிகளால் கலக்கும்போது இச்சிக்கல் தவிர்க்க முடியாதது. காலை வெளிச்சம், மர நிழல், தெருவிளக்கு ஆகிய மூன்றிலும் பார்த்து, பெரும்பாலும் கார் நிற்கும் ஒளியில் பொருந்துவதைத் தேர்ந்துகொள்வதே நடக்கக்கூடிய வழி.

கண்ணின் மற்றொரு குணத்தைப் பிரான்சு நாட்டு வேதியியலாளர் மிஷல் ஷெவ்ரல் ஆராய்ந்தார். பாரிசின் கோப்லான் திரைச்சீலை ஆலையில் சாயப் பகுதிக்கு அவர் தலைவர். அங்கு நெய்யும் சீலைகளில் கறுப்பு நூல் வெளிறித் தோன்றுகிறது என்று முறையீடு வந்தது. நூலைச் சோதித்தார், சாயம் சரியாகவே இருந்தது. அருகே நெய்யப்பட்ட நீலமும் ஊதாவுமே அந்தக் கறுப்பைக் கெடுத்துக் காட்டின. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றன் வேறுபாட்டை மற்றொன்று பெருக்கிக் காட்டும் என்னும் முடிவை 1839-இல் நூலாகவே வெளியிட்டார்.

சாயம் பூசுவோருக்கு இதனினும் பயனுள்ள பாடம் இல்லை. சிறிய வேறுபாடுள்ள இரண்டு நிறங்கள் ஒரு கூரிய கோட்டில் சந்தித்தால் கண் உடனே பிடித்துவிடும். நடுவே ஓர் இடைவெளியோ மூட்டோ இருந்தால் அதே வேறுபாட்டைக் கவனியாமல் விட்டுவிடும். ஆகையால் மட்கார்டின் நடுவே துரு இருந்தாலும், சாயத்தை மட்கார்டு முடியும் மூட்டுவரை கொண்டுசென்று நிறுத்துவர். மோரிஸ் மைனர் இதற்கு வாய்ப்பான கார். அதன் மட்கார்டுகள் உடலோடு திருகாணியால் பிணைக்கப்பட்டவை. இடையே ஒரு மெல்லிய வரிப்பட்டையும் ஓடுகிறது. சாயம் நிற்பதற்கு இதைவிடச் சிறந்த எல்லை வேண்டுவதில்லை. மூட்டு அருகில் இல்லாத இடத்தில், புதிய சாயத்தை விளிம்பில் மேலும் மேலும் மெல்லியதாகத் தெளித்துப் பழையதோடு கரையவிடுவர். தூரிகையால் இட்ட ஒட்டில் இவ்விரண்டும் இயலா. கல் பட்ட புள்ளிகளுக்கே தூரிகை ஏற்றது.

உலோகப் பளபளப்புச் சாயங்களில் இன்னும் ஒரு தொல்லை சேரும். மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை, பாவும் ஊடும் வேறு நிறமாக இருப்பதால் பார்க்கும் கோணத்திற்கு ஏற்ப மாறுகிறது அல்லவா? அச்சாயங்களில் அலுமினியத் துகள்கள் படிந்திருக்கும் சாய்வால் அதுபோன்ற மாற்றம் நிகழ்கிறது. ஒரே டப்பாவிலிருந்து ஈரமாகத் தெளித்தால் கருமையும் உலர்வாகத் தெளித்தால் வெண்மையும் மிகும். பழைய மைனரில் பெரும்பாலும் ஒருசீரான நிறங்களே இருந்தமையால் அதன் உடையவருக்கு இக்கவலை குறைவு.

கலந்த சாயத்தை நேரே காரில் இட்டுப் பார்ப்பது கூடாது. ஓர் அட்டையில் அடிப்பூச்சு இட்டு, அதன்மேல் காரில் இடப்போகும் அதே எண்ணிக்கைப் பூச்சுகளைத் தெளித்து, நன்கு காயவிட வேண்டும். ஈரச் சாயத்தின் நிறம் காய்ந்த சாயத்தின் நிறம் ஆகாது. காய்ந்த அட்டையின் நடுவில் ஒரு துளையிட்டுக் காரின்மேல் வைத்தால், துளையின் வழியே பழைய நிறமும் சுற்றிலும் புதிய நிறமும் தெரியும். துளையின் விளிம்பு கண்ணில் படாத அளவுக்குக் கலவையைத் திருத்தலாம். திருத்தும்போது இன்னும் கொஞ்சம் மஞ்சள் வேண்டுமா, நீலம் வேண்டுமா என்று முதலில் திசையைக் கண்டுகொண்டு, அதன்பின் துளித்துளியாகச் சேர்ப்பதே முறை. 

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வேலையைச் செய்வோர் வானத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியிலேயே 80 விழுக்காட்டைத் தாண்டுவது. செல்லுலோஸ் சாயத்தின் தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனிபோல் படிந்து சாயத்தோடு கலந்துவிடுகிறது. காய்ந்ததும் பால்படிந்தாற்போல் ஒரு வெண்மை தோன்றும். நிறம் பிசகிவிட்டது என்று எண்ணி மீண்டும் கலவையைத் திருத்தத் தொடங்குவோர் உண்டு. கலவையில் குற்றமில்லை, மழைநாளே குற்றவாளி. மழைக்குமுன் இறுக்கம் மிகுந்த பிற்பகல்களில் தெளிப்பதைத் தவிர்த்தல் நன்று. தவிர்க்க முடியாதபோது மெல்ல ஆவியாகும் தின்னரைக் கலப்பார்கள். வெண்மை பூத்துவிட்ட பரப்பில், காற்று உலர்ந்த மற்றொரு நாளில் அந்தத் தின்னரை மட்டும் இலேசாகத் தெளித்தால், சாயம் சற்றே இளகி ஈரத்தை விட்டுத் தெளிந்துவிடுவதுண்டு.

வேலை முடிந்தபின் சில வாரங்களுக்கு மெழுகு இடலாகாது; உள்ளே எஞ்சிய தின்னர் வெளியேற வழி வேண்டும். மிஞ்சிய சாயத்தைச் சிறு கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, நாளையும் கலவைக் கணக்கையும் எழுதி ஒட்டி வைப்பர். இரண்டொரு ஆண்டு கழித்து அதே காரில் வேறோர் இடத்தில் துரு கண்டு அந்தப் புட்டியைத் திறந்தால், முன்போலவே முதலில் ஓர் அட்டையில் இட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குள் கார் இன்னும் சிறிது வெயில் வாங்கியிருக்கும்.